பென்சன் இல்லாத டீச்சர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை லகாட்டில் அக்கா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். தோசையும் நெத்திலிச் சம்பலும். நான் கோலாலம்பூரிலிருந்து வந்தால் அக்கா இதைத்தான் செய்வார். அன்று பாதித் தோசையிலேயே சண்டை வந்துவிட்டது.

அக்கா மகளுக்கு எஸ்.பி.எம்.மில் நல்ல முடிவு. அவளுக்கு டீச்சராக ஆசை. ஐ.பி.ஜி. என்கிற ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு மனு போட வேண்டும் என்கிறாள். அத்தானுக்கு அதில் விருப்பமில்லை. "இவ்ளோ நல்லா எடுத்துட்டு டீச்சரா? அக்கவுண்ட்ஸ் படிக்கட்டும், பேங்க்ல வேலை கிடைக்கும்" என்றார். அக்கா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா மட்டும் உறுதியாக இருந்தார். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை என்று வாழ்ந்தவர். "டீச்சர் வேலைக்கு என்னடா கொறைச்சல்? மாசம் பொறந்தா சம்பளம். கடைசியில பென்சன். எதிர்வீட்டு வாத்தியாரைப் பாரு, எம்பது வயசுலயும் யார் கையையும் எதிர்பார்க்காம இருக்காரு."

அக்கா மகள் மெதுவாகச் சொன்னாள்: "பாட்டி, இப்ப சேர்றவங்களுக்குப் பென்சன் இல்ல பாட்டி."

"யாரு சொன்னா? கவர்மெண்ட்டு வேலைன்னா பென்சன்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். "சித்தி, நீங்க சொல்லுங்க."

வானொலியில் வேலை செய்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. அக்காவிடம் மின்கட்டணச் சீட்டை வாங்கி, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம்.

முதல் மாதச் சம்பளம்

நிகழ்ச்சியில் வேலை, சம்பளம் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒரு நேயர் அழைத்து, "டீச்சர் வேலைதாங்க சுகம். அரைநாள் வேலை, முழுநாள் சம்பளம்" என்பார். முதலில் அந்த முழுநாள் சம்பளத்தைப் பார்ப்போம்.

பட்டம் பெற்ற ஆசிரியர் டி.ஜி.41 என்ற படிநிலையில் பணியில் சேர்ந்த காலத்தில், அதன் தொடக்க அடிப்படைச் சம்பளம் 2,188 வெள்ளி. ஆண்டு உயர்வு 225 வெள்ளி. பிறகு அரசு ஊழியர்களுக்குப் புதிய சம்பளத் திட்டம் வந்தது. 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு என இரண்டு கட்டமாக உயர்வு. 2,188-ஐ 15 விழுக்காடு உயர்த்திப் பாருங்கள், 2,500 வெள்ளியைத்தான் சற்றுத் தாண்டும். இதற்கு மேல் வீட்டுப்படி, சேவைப்படி, வாழ்க்கைச் செலவுப்படி என்று சில நூறு வெள்ளி வரும்.

புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023-இல் நாட்டின் இடைநிலை மாதச் சம்பளம் 2,602 வெள்ளி. அதாவது சம்பளம் வாங்குவோரில் பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஐந்தாண்டு படித்து வரும் ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொடங்குகிறது.

"பேங்க்லயும் முதல் மாசம் பெருசா ஒண்ணும் தூக்கிக் கொடுத்துட மாட்டாங்க" என்றார் அக்கா. உண்மைதான். என்னோடு பல்கலைக்கழகத்தில் தங்கியிருந்த இரண்டு தோழிகளில் ஒருத்தி இடைநிலைப்பள்ளி ஆசிரியை, இன்னொருத்தி தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. தொடக்கத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழெட்டு ஆண்டுகளில் கணக்குத் தோழி மூன்று நிறுவனம் மாறி முன்னால் போய்விட்டாள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவளுக்குச் சம்பளத்தில் வெட்டு விழுந்தது. ஆசிரியைக்கு ஒரு காசு குறையவில்லை. எனக்கு? நான் ஒப்பந்தத்தில் இருந்தேன். சில மாதம் சம்பளம் எப்போது வரும் என்றுகூடத் தெரியாது. அப்போதெல்லாம் நானும் "பேசாமல் டீச்சராகப் போயிருக்கலாம்" என்று நினைத்தவள்தான்.

ஆசிரியர் சம்பளம் மெதுவாக ஏறும், ஆனால் இறங்காது. தனியாரில் வேகமாக ஏறலாம், ஒரே நாளில் நின்றும் போகலாம். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் வீடுகளில் காலங்காலமாக நடந்த பேச்சு. அந்தப் பேச்சில் ஆசிரியர் பக்கம் தராசைத் தாழ்த்தியது பென்சன்.

பென்சன் என்ன கொடுத்தது?

ஓய்வூதியத்தில் இருக்கும் அரசு ஊழியருக்குக் கணக்கு எளிது. முப்பது ஆண்டு சேவை முடித்தால் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு, மாதாமாதம், சாகும்வரை. அதற்குப் பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ அது தொடரும். ஓய்வுபெறும் நாளில் பணிக்கொடை தனி. சேவை செய்த மாதங்களை 7.5 விழுக்காட்டாலும் கடைசிச் சம்பளத்தாலும் பெருக்க வேண்டும்.

ஓர் ஆசிரியை 8,000 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் 60 வயதில் ஓய்வுபெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் மாதம் 4,800 வெள்ளி. பணிக்கொடை 216,000 வெள்ளி. அவர் 80 வயது வரை இருந்தால், ஓய்வூதியம் மட்டும் 11 லட்சத்து 52 ஆயிரம் வெள்ளி.

இந்தத் தொகை எவ்வளவு பெரிது என்று புரிய இன்னோர் எண்ணைப் பாருங்கள். 60 வயதில் ஒருவருக்குப் 'போதுமான' சேமிப்பு என்று ஊழியர் சேமநிதி வாரியம் வகுத்திருப்பது 650,000 வெள்ளி. வசதியாக இருக்க 13 லட்சம். இரண்டு தோசைக்கு நடுவில் சொல்லப்படும் 'பென்சன்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பணம் இருந்தது. இன்னொன்றும் உண்டு: பென்சன் திட்டத்தில் இருப்பவர் சம்பளத்தில் சேமநிதிக்குப் பிடித்தம் இல்லை.

2024 பிப்ரவரி 1 முதல் அரசாங்க வேலையில் புதிதாகச் சேருபவர்களுக்கு இது கிடையாது. அவர்களும் தனியார் ஊழியர்களைப் போல சேமநிதிதான். ஏற்கனவே பென்சன் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை. ஆகவே ஒரே ஆசிரியர் அறையில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவருக்குப் பென்சன் உண்டு, பக்கத்து மேசைக்காரருக்கு இல்லை.

அம்மா கையிலிருந்த தே கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப வாத்தியாரு வாங்குறது இவளுக்குக் கிடைக்காதா?" கிடைக்காது என்றேன்.

அது சும்மா வந்த பணம் இல்லை

சாயங்காலம் எதிர்வீட்டு வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தேன். அறுபதுகளில் தோட்டப் பள்ளியில் சேர்ந்தவர். "பென்சன்னா அது வானத்துல இருந்து விழுந்துச்சுன்னு நெனைக்கிறீங்க" என்று சிரித்தார்.

அவருக்கு முந்திய தலைமுறையின் கதை நம் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு கொட்டகை. வாத்தியார் வேலை பார்த்தவர் கங்காணியாகவோ கெராணியாகவோகூட இருப்பார். சம்பளம் தோட்ட நிர்வாகம் கொடுப்பது. சுதந்திரத்துக்குப் பிறகும் ஆசிரியர்களுக்கு மற்ற அரசு அதிகாரிகளுக்குரிய சலுகைகள் எளிதாகக் கிடைக்கவில்லை. பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம்.

1967-இல் தேசிய ஆசிரியர் தொழிற்சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. சம உழைப்புக்குச் சம சம்பளம், ஓய்வூதியம், மருத்துவ வசதி ஆகியவை அதன் கோரிக்கைகளில் அடங்கும். 1969-இல் பொதுச் சேவையில் பெண்களுக்குச் சம சம்பளம் வந்தது. ஆசிரியர் சேவையை ஆராய அமைக்கப்பட்ட அஜிஸ் ஆணையத்தின் அறிக்கை 1971-இல் வெளியானது. 1974-இல் கல்விச் சேவை ஆணையம் அமைந்தது. அப்படிப் படிப்படியாகத்தான் ஆசிரியர் வேலை, நம் அம்மாக்கள் சொல்லும் 'கவர்மெண்ட்டு வேலை' ஆனது.

"எங்க காலத்துல சம்பளம் கம்மிதான்" என்றார் வாத்தியார். "ஆனா கடைசியில பென்சன் இருக்குங்குற தைரியத்துல அந்தக் கம்மியைப் பொறுத்துக்கிட்டோம்."

அவர் சொன்ன இந்த ஒரு வாக்கியம்தான் கணக்கின் முடிச்சு. பென்சன் என்பது குறைந்த தொடக்கச் சம்பளத்துக்கு ஈடாகப் பின்னால் கொடுக்கப்பட்ட பணம். பின்னால் கொடுப்பதை நிறுத்திவிட்டால், முன்னால் கொடுப்பதைக் கூட்ட வேண்டாமா?

ஏன் முதல் சம்பளம் முக்கியம்?

பென்சன் உங்கள் கடைசிச் சம்பளத்தைப் பார்க்கும். சேமநிதி உங்கள் ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் பார்க்கும், முதல் மாதத்திலிருந்தே.

2,500 வெள்ளி சம்பளத்தில் ஊழியரின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 275 வெள்ளி. 8,000 வெள்ளி வாங்கும்போது அது 880. கடைசியில்தான் நிறையப் போடுகிறோம், ஆனால் கடைசியில் போடும் பணத்துக்கு வளர நேரம் இல்லை. சேமநிதி 2024-க்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. கணக்குக்கு 6 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பணம் ஏறக்குறைய 12 ஆண்டில் இரட்டிப்பாகும். 24 வயதில் போட்ட 100 வெள்ளி, 60 வயதில் சுமார் 800 வெள்ளி. 48 வயதில் போட்ட 100 வெள்ளி சுமார் 200 வெள்ளிதான்.

பென்சன் காலத்து ஆசிரியருக்குத் தொடக்கச் சம்பளம் குறைவாக இருந்தது பத்து ஆண்டுக் கஷ்டம். இனி வரும் ஆசிரியருக்கு அது ஆயுள் கஷ்டம். தொடக்கத்தில் சேமநிதியில் குறையும் ஒவ்வொரு வெள்ளியும் முதுமையில் சுமார் எட்டு வெள்ளியாகக் குறையும்.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பெரும்பாலான ஆசிரியர்களுக்குப் பென்சன் இல்லை, மத்திய சேமநிதிதான். ஆனால் பணியில் நீடிக்கும் ஆசிரியருக்கென்று கல்வி அமைச்சு தனியாகப் பணம் ஒதுக்கி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை கையில் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபரில் சுமார் 35,000 ஆசிரியர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு சம்பள உயர்வும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய், பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அதை எதிர்த்து அங்குள்ள ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இருபது ஆண்டுக்கு மேலாகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பென்சனை எடுத்தால் ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லது நீண்ட சண்டைக்குத் தயாராக வேண்டும். வேறு வழியை எந்த ஊரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலேயே மருத்துவர்கள் ஒரு பாடம். 2016 டிசம்பரிலிருந்து புதிய அரசாங்க மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-இல் அவர்கள் கறுப்பு உடையோடு மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேலை பாதுகாப்பு போனால், படித்த பிள்ளைகள் சிங்கப்பூரையும் ஆஸ்திரேலியாவையும் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

'அரைநாள்' வேலை

இப்போது அந்த அரைநாளுக்கு வருவோம். தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி எதுவாக இருந்தாலும் ஆசிரியருக்கு அரசாங்கம் கொடுக்கும் சம்பளத் திட்டம் ஒன்றே. வேலைப் பளு ஒன்றல்ல.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150-க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்களும் குறைவு. ஆனால் செயற்குழுக்கள் குறையாது. புறப்பாட நடவடிக்கை, கட்டொழுங்கு, சுகாதாரம், நூலகம், பாடநூல் கடன், விளையாட்டு, போட்டிகள் என்று பெரிய பள்ளியில் எழுபது பேர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்புகளைச் சின்னப் பள்ளியில் பத்துப் பேர் சுமக்கிறார்கள். மிகச் சிறிய பள்ளியில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும். மதியம் இணையத்தில் பதிவு, இரவு புலனத்தில் பெற்றோரின் கேள்விகள், சனிக்கிழமை போட்டி விளையாட்டு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதும் பல நேரங்களில் டீச்சரின் சொந்தக் காடிதான்.

ஓய்வு வயது 60 ஆக இருந்தும், பென்சன் உள்ள ஆசிரியர்களே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே விருப்ப ஓய்வு கேட்டுப் போகிறார்கள். வேலை அவ்வளவு சுகமாக இருந்தால் ஏன் போக வேண்டும்?

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் வேலையில் இன்றும் நல்லவை உண்டு. நிலையான மாதச் சம்பளம், காலத்தின் அடிப்படையில் பதவி உயர்வு, வீட்டுக்கடன் வசதி, குடும்பத்துக்கும் பெற்றோருக்கும் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை, பள்ளி விடுமுறை. தனியாரில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. என் வேலையில் இவற்றில் பாதிகூட இல்லை. ஆகவே பிள்ளைகளை 'போகாதே' என்று தடுக்க நான் இதை எழுதவில்லை. பழைய கணக்கை வைத்து அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆசிரியர் சங்கங்களும் நம் தலைவர்களும் பேச வேண்டிய பேச்சும் மாற வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம், புது மண்டபம் என்று கேட்கிறோம், சரி. அந்தக் கட்டடத்தில் நின்று பாடம் நடத்தப்போகும் இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் முதல் சம்பளத்தைப் பற்றி யார் கேட்பது? பென்சன் போய்விட்ட நிலையில், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கேட்காவிட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அத்தானைப் போலவே கணக்குப் பார்த்து வேறு பக்கம் போய்விடுவார்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கு யார் 'அ' எழுதக் கற்றுக்கொடுப்பது?

அக்கா மகள் என்ன முடிவெடுத்தாள்?

இரவு நான் கிளம்புவதற்கு முன் மின்கட்டணச் சீட்டில் இடமே இல்லை. அத்தான் அதை இரண்டு முறை படித்தார். "அப்ப டீச்சரா போனாலும் இவ தனியா சேர்த்து வைக்கணும்" என்றார். ஆமாம், முதல் மாதத்திலிருந்தே. பென்சன் இருக்கிறது என்று இருபத்தைந்து வயதில் புதுக் காடிக்குக் கடன் எடுத்த காலம் போய்விட்டது. பெற்றோர் மாதாமாதம் கை நீட்டாமல் இருந்தால், அதுவே அந்தப் பிள்ளைக்கு அவர்கள் கொடுக்கும் பென்சன்.

"உனக்கு இன்னும் டீச்சராகணுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஆகணும் சித்தி. ஆனா இனிமே யாராச்சும் அரைநாள் வேலைன்னு சொன்னா இந்தச் சீட்டைக் காட்டுவேன்."

அம்மா அதுவரை பேசவில்லை. வாசலில் நின்று என் பையை எடுத்துக் கொடுக்கும்போதுதான் பேத்தியைப் பார்த்துக் கேட்டார்: "மழ பெஞ்சா சம்பளம் உண்டுல்ல?"

"உண்டு பாட்டி."

"அப்ப போய் மனு போடு. மீதியைக் கேட்டு வாங்கிக்கலாம். அந்த வாத்தியாருங்க கேட்டுத்தானே வாங்கினாங்க?"